அரிசி நின்ற பிறகு

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் பாலவாக்கம் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா எங்கள் தெருவுக்கு வருவார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் கிடையாது. கூடையில் ஒரு கிலோ சங்கரா மட்டும் இருக்கும். கடலில் பாடு நன்றாக இருந்த வருஷமென்றால் வஞ்சிரம். நான்கு வீடு தள்ளியிருக்கும் எங்கள் சபையின் பழைய செக்ஸ்டன் (கோயில் பணியாளர்) வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் திரும்பிவிடுவார். செக்ஸ்டன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மீன் இப்போதும் அவர் மனைவிக்கு வருகிறது. மீன்காரம்மாவோ நெற்றி நிறையக் குங்குமம் வைப்பவர், ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் எங்கள் கோயில் வாசற்படியை மிதித்ததில்லை.

என் அம்மாவுக்கு இது ஒரு புதிர். ஒரு வருஷம் நேரடியாகவே கேட்டுவிட்டாள். "ஏன் தாயி, அவர்தான் போய்ட்டாரே, இன்னும் எதுக்குச் செய்யுத?"

"ஒரு விசுவாசம்தாம்மா," என்றார் மீன்காரம்மா, கூடையைத் தலைக்கு ஏற்றியபடி.

அம்மா உள்ளே வந்து வெகுநேரம் பேசவில்லை. சாயர்புரம் பக்கத்துக்காரி, ஞாயிறுதோறும் கறுப்பு அட்டை வேதாகமத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போகிறவள். விசுவாசம் அவளுடைய சொல். ஆலயத்துக்குள் மட்டும் உடுத்திக்கொள்ளும் வெள்ளைச் சேலை மாதிரி. அதை ஒருத்தி மீன்கூடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த விசுவாசத்தின் கதை 2004 டிசம்பர் 26-ஆம் தேதியில் இருக்கிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பண்டிகையின் அசதி எல்லோர் முகத்திலும் இருந்தது. காலை ஆராதனையில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தோம். கிழக்கே ஏதோ கூச்சல். கல்யாண ஊர்வலம் என்று நினைத்தேன். கூச்சல் கிழக்குக் கடற்கரைச் சாலையை எட்டியது. கடைசி வரிசையில் நின்றிருந்த செக்ஸ்டன் (எங்கள் ஊரில் கோயில்குட்டி என்போம்) பிரமாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார். வளாகத்தின் பெரிய இரும்புக் கதவைத் திறந்தார். பண்டிகை விடுமுறையில் பூட்டியிருந்த பள்ளிக்கூட அறைகளைத் திறந்தார். சாவி கிடைக்காத ஓர் அறையின் பூட்டைக் கல்லால் உடைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஈரத்துணியோடும் பிள்ளைகளோடும் குப்பத்துப் பெண்கள் உள்ளே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கடல் ஏறி வந்துவிட்டது என்றார்கள்.

நாங்கள் பிரமாணத்தை முடித்தோம். அதற்கு அடுத்த ஜெபத்தையும் முடித்தோம். நான் மூன்றாவது வரிசையில் கண்களை மூடிக்கொண்டு நின்றேன். ஆராதனையைப் பாதியில் நிறுத்தலாமா என்று யாரையாவது கேட்கவேண்டும் போலிருந்தது, கேட்கவில்லை. இருபது வருஷம் கழித்தும் அந்த இரண்டு மூன்று நிமிஷங்களைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. செக்ஸ்டனிடம் பின்னால் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நீங்க சொன்னீங்க, நான் திறந்தேன். ரெண்டும் ஒரே ஆராதனைதான சார்," என்றார். அது பெருந்தன்மை. எனக்கு இன்றுவரை முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

கிறிஸ்தவ இறையியலில் விசுவாசமா கிரியையா என்ற வழக்கு மிகப் பழையது. மனிதன் நீதிமானாவது விசுவாசத்தினாலேயே என்று பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதினார். கிரியை இல்லாத விசுவாசம் பிணம் என்கிற தோரணையில் யாக்கோபு எழுதினார். மார்ட்டின் லூதர் 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது, ரோமர் நிருபத்தின் மூலத்தில் இல்லாத 'மாத்திரமே' என்ற பொருள் தரும் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தை முன்னுரையில் வைக்கோலுக்கு ஒப்பிட்டார். பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை. மேற்குத் திருச்சபை இரண்டாகப் பிளந்ததற்கு இந்தச் சண்டை ஒரு பெரிய காரணம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, இந்த விஷயத்தின் அடிப்படையில் தங்களுக்குள் பேதமில்லை என்று ஒப்புக்கொண்டன. ஏறக்குறைய ஐந்நூறு வருஷத்துப் பங்காளிச் சண்டை. எங்கள் தெரு ஆர்.சி. குடும்பத்துக்கும் எங்களுக்கும் அந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

எனக்கு இந்தச் சண்டையைவிட அது தமிழுக்கு வந்தபோது உடுத்திய சொற்கள்தான் சுவாரசியம். அந்நாளைய தமிழ்க் காதில் கிரியை என்ற சொல் எப்படி விழுந்திருக்கும்? சைவ வீட்டில் அது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் இரண்டாவது: பூசை, அபிஷேகம், சடங்கு. இழவு வீட்டில் பத்தாம் நாளும் பதினாறாம் நாளும் செய்வது. ஆக, கிரியையால் மோட்சம் இல்லை என்று ஒரு உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், கேட்டவருக்குச் சடங்கால் மோட்சம் இல்லை என்றுதான் விளங்கியிருக்கும். சித்தர் பாட்டு கேட்டு வளர்ந்தவருக்கு அதில் புதுமையே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பவுல் சொல்ல வந்ததும் ஏறக்குறைய அதுதான் என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஈ. பி. சாண்டர்ஸ் 1977-இல் பவுலையும் பாலஸ்தீன யூதத்தையும் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு இந்தப் பார்வை வலுத்தது. பவுல் எதிர்த்த கிரியைகள் விருத்தசேதனம், சாப்பாட்டுத் தீட்டு, நாள் கிழமை பார்ப்பது போன்றவை, யார் உள்ளே யார் வெளியே என்று கோடு கிழிக்கும் காரியங்கள், என்பார்கள் அந்த வழியில் வந்தவர்கள். யாக்கோபு பேசுவதோ துணி இல்லாதவனையும் அன்றைக்குச் சோறில்லாதவனையும் பற்றி. ஒன்றும் கொடுக்காமல், சுகமாகப் போய் வா என்று வாயால் அனுப்பிவைப்பவனைத்தான் அவர் சாடுகிறார். கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். தமிழில் ஒன்றுக்குச் சடங்கு என்றும் மற்றதற்கு உதவி என்றும் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சண்டை பாதி தீர்ந்திருக்கும், மொழிபெயர்ப்பும் பாழாகியிருக்கும்.

விசுவாசம் இன்னும் சிக்கலான சொல். சென்னையில் வேப்பேரியில் இருந்துகொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய ஜெர்மானியர் ஜோகான் பிலிப் பப்ரிசியஸ், 1761-இல் பாண்டிச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சுக்கூடத்தை வைத்துக்கொண்டு வேலை செய்தவர். அவர் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறுவதற்குள் 1791-இல் இறந்துபோனார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தவருக்கு ஆளை நிறுத்துப் பார்க்கத் தெரியவில்லை. மிஷன் பொறுப்பிலிருந்த பணத்தை நம்பிக் கடன் கொடுத்தார். பணம் திரும்பவில்லை. முதுமையில் கடனாளிச் சிறைக்குப் போனார். விசுவாசம் என்ற சொல்லை நம் நாவில் பதித்தவர்களில் ஒருவர், நம்பிக்கையால் ஜெயிலுக்குப் போனது என்னை எப்போதும் ஏதோ செய்யும்.

எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதாவது என் அம்மாவுக்கு இரண்டாவதாக இருக்கும் சொல், என் கத்தோலிக்க மைத்துனிக்கு முதலாவது. இரண்டு பேரும் சமையற்கட்டில் நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது ஒருத்தி நாளைய தினத்தைப் பற்றியும் மற்றவள் கடவுளைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டை வந்ததில்லை. புதிய மொழிபெயர்ப்பாளர்கள் நல்ல தமிழ் வேண்டும் என்றுதான் மாற்றினார்கள். வடசொல்லைக் களைந்தபோது, தமிழன் அந்தச் சொல்லுக்குள் வைத்திருந்த ஒரு பொருளும் சேர்ந்து போய்விட்டது.

ஏனென்றால் தெருவில் விசுவாசம் என்பது கடவுள் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதல்ல. நாய்க்கு உள்ளது விசுவாசம். பழைய முதலாளியைக் காட்டிக்கொடுக்காத வேலைக்காரனுக்கு உள்ளது விசுவாசம். 2019 பொங்கலுக்கு அஜித் படம் வந்தபோது பாதி ஆட்டோக்களின் முதுகில் அந்தச் சொல் ஒட்டியிருந்தது. எந்த ஆட்டோக்காரரும் அதை இறையியலாகப் படிக்கவில்லை. உப்பிட்டவரை நினைப்பது, உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதது, முறை வரும்போது கூட நிற்பது. கிரேக்க மூலத்தில் உள்ள பிஸ்டிஸ் என்ற சொல்லுக்கும் நம்புதல், நம்பகமாக இருத்தல் என்று இரண்டு முகமும் உண்டு. ஆகவே மீன்காரம்மா சொல்லைத் திருடவில்லை. அதன் மறுபாதியைத் தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். செயலில்லாத விசுவாசம் என்பது அவருடைய தமிழில் சொல்லவே முடியாத ஒன்று. கடிக்காத கடி மாதிரி.

இங்கிருந்துதான் எனக்கு ஒரு கூச்சமான இடத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவனாகப் பிறந்தவன் எப்போதாவது ஒருமுறை கேட்டிருப்பான்: நீங்கள் அரிசிக்கு மாறினவர்கள்தானே. என் பள்ளிக்கூடக் காலத்தில் அரிசி போய்ப் பால் பவுடர் ஆகியிருந்தது. கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். நானும் சிரித்துக்கொண்டே, இல்லை சார், எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா வேதம் படித்துத்தான், என்று சொல்லிவைப்பேன். அது பொய் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பம் சபைக்கு வந்தது தாது வருஷப் பஞ்சத்தில் என்று பாட்டி சொல்லுவாள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற பஞ்சம் அது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். மிஷனரி கால்டுவெல் இருந்த திருநெல்வேலிச் சீமையில் அந்த வருஷங்களில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். எங்களவர்கள் வேதம் படித்திருக்க வாய்ப்பில்லை, எழுத்துத் தெரியாது.

பாலவாக்கத்திலிருந்து மேற்கே நடந்தால், பழைய மகாபலிபுரம் சாலையை எட்டுவதற்கு முன்னால் ஒரு கறுத்த நீர்க்கோடு குறுக்கிடும். ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடப்போம். பக்கிங்காம் கால்வாய். அந்தப் பஞ்சத்தின்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர். கால்வாய் அதற்கு முன்பே துண்டு துண்டாக இருந்தது. அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையிலான எட்டு கிலோமீட்டரும், வடக்கே ஆந்திரப் பக்கத்து நீட்டிப்பும் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டவை. எலும்பும் தோலுமாக வந்தவர்கள் வெட்டினார்கள்.

அந்த நிவாரணத்தில் சர்க்காரின் கொள்கை தெளிவானது: வேலை செய்தால் சோறு. பஞ்சத்தைக் கண்காணிக்கக் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877-இல் கூலியை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். சென்னையின் சுகாதார கமிஷனர் கார்னிஷ், இந்த அளவில் ஒருவன் உழைத்தால் செத்துப்போவான் என்று எதிர்த்தார். இறையியல் மொழியில் சொல்வதென்றால், சர்க்கார் கடுமையான கிரியை மார்க்கம். கிருபை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இலவசமாகக் கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று அவர்கள் உண்மையாகவே பயந்தார்கள்.

ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். நில அளவை தெரிந்தவர். பட்டினியாக வந்து குவிந்தவர்களுக்குப் பிச்சை போட்டு மாளாது என்று, கால்வாயில் மூன்று நான்கு மைல் தூரத்தை வெட்டித்தரக் காண்டிராக்ட் எடுத்தார். உபதேசிகளை மேஸ்திரிகளாக நிறுத்தினார். தோல் வேலை செய்யும் மாதிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்து மண் சுமந்தார்கள். இடைவேளையில் மேஸ்திரிகள் கூட உட்கார்ந்து, பாரம் சுமப்பவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன ஒருவரைப் பற்றிப் பேசினார்கள். கூடை கூடையாக மண் சுமந்துவிட்டு உட்கார்ந்தவனுக்கு அந்த வார்த்தைக்கு உரை தேவைப்பட்டிருக்காது. ஒரே கரையில், ஒரே ஆள், சர்க்காருக்காகக் கிரியையையும் தன் ஆண்டவருக்காகக் கிருபையையும் பங்கிட்டுக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியை யாராவது நாவலாக எழுதியிருக்க வேண்டும்.

பஞ்சம் நீடித்த காலம் முழுக்க கிளஃப் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்ற பயம். நிவாரணம் முடிந்து, இனி கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் வந்தார்கள். உதவி கேட்டு வரவில்லை, கையில் கொப்புளத்தைப் பாருங்கள், உழைத்துத்தான் தின்றோம் என்றார்களாம். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். வருஷம் முடிவதற்குள் அது ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

கிளஃபின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நரகத்துக்குப் பயந்து கிறிஸ்தவனானவனை யாரும் நரகக் கிறிஸ்தவன் என்று கேலி செய்வதில்லை. தர்க்கம் படித்து மாறியவன் ஞானி. சொப்பனம் கண்டு மாறியவன் பாக்கியவான். சாகக் கிடந்தபோது ஒருவன் கஞ்சி கொடுத்தான், அவனை அனுப்பியது யார் என்று கேட்டு அந்த வழியே நடந்தேன் என்பவன் மட்டும் சந்தேகத்துக்குரியவன். இந்தக் கேலி பெரும்பாலும் எந்தச் சாதிகளின்மேல் விழுகிறது என்று பார்த்தால் அதன் பூர்வீகம் தெரிந்துவிடும். சாப்பிட்டு முடித்தவர்கள்தான் பசியை ஒரு தாழ்ந்த காரணம் என்று சொல்ல முடியும்.

மயிலாப்பூர்க்காரர்கள் உரிமை கொண்டாடும் தோமாவின் கதையிலும் வரிசை இப்படித்தான் இருக்கிறது. பாலவாக்கத்திலிருந்து கடற்கரையோரமாகவே வடக்கே போனால் சாந்தோம். அவர் கல்லறை என்று நம்பப்படும் இடத்தில், 1896-இல் எழுப்பிய வெள்ளைக் கோபுரம். சுமார் மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள் என்ற நூலில் ஒரு கதை உண்டு. அது வேதாகமத்தில் சேராத நூல். தச்சரான தோமாவிடம் கொண்டபாரன் என்ற ராஜா மாளிகை கட்டப் பணம் கொடுக்கிறான். தோமா அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். மாளிகை எங்கே என்று ராஜா கேட்டால், கட்டியாகிவிட்டது, செத்த பிறகு பார்க்கலாம் என்கிறார். இன்றைக்கு ஒரு ஆடிட்டர் இதைக் கையாடல் என்றுதான் எழுதுவார். ராஜா அவரைச் சிறையில் போடுகிறான். அந்தச் சமயத்தில் ராஜாவின் தம்பி இறந்து, மேலே போய் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். அதன் பிறகே ராஜா விசுவாசியாகிறான். அந்த ராஜா கற்பனை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடமேற்கிலிருந்து அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன.

எனக்குக் கதையின் முடிவில் திருப்தியில்லை. மேலே மாளிகை காத்திருக்கிறது என்றால், தோமா கொடுத்தது தருமமா முதலீடா? லூதரின் கோபம் இந்த இடத்தில் எனக்கு நியாயமாகவே படுகிறது. கணக்குப் பேரேடு திறந்துவிட்டால் ஏழை வெறும் வரவுப் பத்தியாகிவிடுவான். எங்கள் தெருக்களில் கிறிஸ்துமஸ் வாரத்தில் நிறையப் பிரியாணிப் பொட்டலங்கள் பங்கிடப்படுகின்றன. வாங்குபவர் முகத்தோடு படம் எடுக்கிறார்கள். பொட்டலத்தைவிடப் படம் அதிக நாள் நீடிக்கிறது. ஆனால் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த தோமாதான் இவர். தொட்டுப் பார்த்து நம்பியவர், தொடக்கூடிய ஒன்றைக் கொடுக்காமல் மற்றவர்களிடம் நம்பிக்கை கேட்கவில்லை. அரிசியை முதலில் கொடுத்தார்.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். செயல் முன்னால் வரும்மா, விசுவாசம் அதற்குப் பின்னால் வருகிற நன்றி, நம்மிடம் விசுவாசம் என்றாலே அதுதான், நாம் அரிசிக்கு வந்தவர்கள் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்பத்திரண்டு வயதில் அவளுக்குக் காது மந்தம். மந்தமாக இருப்பது அவளுக்கு வேண்டாததற்கு மட்டும்தான். முழுவதையும் கேட்டாள். அவரைக்காய் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்பம் பரலோகத்துக்கு மொதல்ல போறது நாய்தாம்ல," என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அரிசி குடுத்தான், வந்தாவ. சரி. பஞ்சம் ஒரு ரெண்டு வருஷம் இருந்திருக்குமா? அரிசி நின்னுபோன பெறவும் இருந்தாவல்லா. எங்க பாட்டி ஏழு பிள்ளையில நாலக் குழியில வச்சா. அப்பமும் கோயிலுக்குப் போனா. ஒரு ஞாயிறு விடல. அவளுக்கு அப்பம் எவன் அரிசி குடுத்தான்? அது எந்தக் கணக்குல வருதுன்னு அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. யோபுவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையை அசைத்து நிறுத்திவிட்டாள். உரித்த அவரைக்காயில் பாதியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு, செக்ஸ்டன் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு முட்டி வலி, நான்கு நாளாகக் கடைக்குப் போகவில்லையாம். வெயிலில் கிண்ணத்தோடு நடந்தேன். வாசலில் ஒரு தெருநாய் நிழலுக்குப் படுத்திருந்தது. எனக்கு வழிவிட எழுந்திருக்கவில்லை.